பழைய டிராவல் டிரெய்லரைப் புதுப்பித்தல்: உள்வேலை, குழாய் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடுகள், அதாவது டிராவல் டிரெய்லர்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் தெருவுக்கு ஒன்றாவது நிற்கும். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, ஷவர் எல்லாம் உள்ளேயே இருக்கும். இருபது வருடம் ஓடியது என்றால் புதியதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்துவிடும். அப்படி ஒன்றை வாங்கிச் சொந்தக் கையால் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் பெயின்ட் அடித்துவிடலாமா?

கூடாது. முதலில் கூரை, அப்புறம் தரை, அதன் பின் குழாய். சுவரும் பெயின்டும் திரைச்சீலையும் கடைசியில்தான். இணையத்தில் வெள்ளை பெயின்டும் மரநிறத் தரையுமாகப் பளபளக்கும் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் புதுப் பெயின்டுக்கு அடியிலிருந்து பழுப்புக் கறை எட்டிப் பார்க்கும்.

டிரெய்லரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேலிருந்து மழை இறங்கும், உள்ளே குழாய் கசியும். இரண்டையும் நிறுத்தாமல் செய்கிற உள்வேலை எதுவும் நிற்காது. உள்வேலையும் பிளம்பிங்கும் வேறு வேறு என்று நினைத்து ஆளுக்கொரு பக்கமாகத் திட்டம் போடாதீர்கள். குழாய் மாற்றக் கட்டிலடியைப் பிரிக்க வேண்டும், தரை மாற்றக் கழிப்பறையைத் தூக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உள்ளே நுழைந்ததும் மூச்சை இழுத்துப் பாருங்கள். பழைய ஈரத்துணி நாற்றம் வந்தால் அந்த வண்டியில் எங்கோ ஓதம் ஏறியிருக்கிறது. வாசனை ஸ்ப்ரே தூக்கலாக அடித்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும்.

அடுத்து மேல் அலமாரிகளைத் திறந்து, சுவரும் கூரையும் சேரும் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்கவேண்டும். பிஸ்கட் மாதிரி அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், முன்பக்க இரு மூலைகள், கதவு நிலைப்படி, கழிப்பறையைச் சுற்றி என்று ஒவ்வொரு இடமாகப் போங்கள். ஊசி வைத்த ஈரமானி சில பத்து டாலருக்குக் கிடைக்கிறது. மரத்தில் அது 20 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் அங்கே கசிவு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்து, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கச் சுவரோடு கண்ணை ஒட்டிப் பாருங்கள். வழவழப்பான ஃபைபர்கிளாஸ் சுவரில் அலையோ கொப்புளமோ தெரிந்தால், உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளைவுட் நனைந்து பிரிந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்வது பெரிய வேலை. புதியவர்கள் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. நெளிவரி அலுமினியத் தகடு போட்ட பழைய ரகம் இந்த விஷயத்தில் தேவலை. தகட்டைக் கழற்றலாம், உள்ளிருக்கும் மரச்சட்டத்தைத் துண்டு துண்டாக மாற்றலாம்.

விற்பவர் சமீபத்தில்தான் உள்ளே பெயின்ட் அடித்தேன் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். எதை மூடினார் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்க அரசு வீடிழந்தவர்களுக்குக் கொடுத்த டிரெய்லர்களில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு மிகுதியாக இருந்தது. 519 வண்டிகளைச் சோதித்த நோய்க்கட்டுப்பாட்டு மையம், சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருந்ததாக 2008இல் சொன்னது. மலிவு பிளைவுட்டும் பசையும்தான் காரணம். அந்த வண்டிகள் பிறகு ஏலத்தில் போயின. அலங்காரமே இல்லாத வெள்ளை டிரெய்லர், அந்தக் காலத்துத் தயாரிப்பு, விலையும் அடிமாட்டு விலை என்றால் அதன் பூர்வீகத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கூரையில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான வண்டிகளின் கூரை ரப்பர் விரிப்பு. விரிப்பு சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவது அதில் துளை போட்டு வைத்த இடங்கள்: காற்றுப்போக்கிக் குழாய், ஏசி, மேல் ஜன்னல், ஓரச்சட்டம். அங்கே பூசிய சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கூரை ரப்பருக்கு என்றே விற்கும் தானாகப் பரவும் சீலன்டைப் போடுங்கள்.

சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். ரப்பரில் அது சரியாகப் பிடிக்காது. அதைவிட மோசம், அதன் மிச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த கிளீனர்களையும் ரப்பர் கூரையில் ஊற்றாதீர்கள், ஊதிப்போகும்.

கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முன்பக்கம் நுழைந்த தண்ணீர் சட்டத்தோடு ஓடி நடுக்கூரையில் சொட்டும்.

தரை ஓரிடத்தில் அமுங்குகிறது. மேலே ஒரு பலகை போட்டு மூடிவிடலாமா?

மூடினால் அடியில் உளுப்பு பரவிக்கொண்டே இருக்கும். வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். எப்படி என்பது தரையின் வகையைப் பொறுத்தது.

மரச்சட்டத்தின் மேல் பிளைவுட்டோ, மரச்சீவலை அழுத்திச் செய்த ஓஎஸ்பி பலகையோ அடித்த தரை என்றால் வேலை சுலபம். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக வைத்து, உலர்ந்த கெட்டி மரம் வரும்வரை வெட்டுங்கள். ஆழம் கூடினால் அடியில் ஓடும் ஒயரோ கேஸ் குழாயோ அறுந்துவிடும், முதலில் கீழே படுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்புகள் அந்தரத்தில் நிற்கக்கூடாது; பக்கத்துச் சட்டத்தோடு துணைக்கட்டை சேர்த்து முடுக்கி, அதன் மேல் அதே கனத்தில் வெளிப்புற உபயோகத்துக்கான பிளைவுட்டைப் போடுங்கள். வெட்டுமுனைகளில் பெயின்டோ எபாக்ஸியோ தடவுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான்.

அலுமினியக் குழாய்ச் சட்டம், நடுவில் தெர்மாகோல், மேலும் கீழும் மெல்லிய பிளைவுட் என்று ஒட்டிச் செய்த தரை என்றால் அப்படி வெட்ட முடியாது. மேல் தோலை மட்டும் உரித்து, உலரவிட்டு, புதிதாக ஒட்ட வேண்டும். பொறுமை வேண்டும்.

ஏர்ஸ்ட்ரீம் தனிக் கதை. 1931இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் அலுமினியக் கூடு, தரைப் பலகையின் விளிம்பைச் சுற்றிலும் கவ்வி நிற்கிறது. தரை உளுத்தால் கூட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் உள்ள பிடியே போய்விடும். 1970களின் வண்டிகளில் பின்பக்கம் இப்படிப் பிரிந்து தொங்குவது பிரசித்தம். பின் பம்பரில் ஏறிக் குதியுங்கள். பம்பர் இறங்கி, கூடு அப்படியே நின்றால் தெரிந்துகொள்ளலாம். பின்பக்கத்தைப் பிரித்துத் தரைப் பலகையை மாற்ற வேண்டியிருக்கும், முற்றிய நிலையில் கூட்டையே தூக்க நேரிடும்.

உள்ளே எலிப்புழுக்கை நிறைய இருக்கிறது. பெருக்கித் தள்ளிவிடட்டுமா?

துடைப்பத்தையும் வேக்குவத்தையும் தொடாதீர்கள். வட அமெரிக்காவில் மான் எலியின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். தூசியாகப் பறந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். பத்துக்கு ஒரு பங்கு பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத்தால் துடைத்து எடுங்கள். எலி கூடு கட்டிய பஞ்சு முழுவதையும் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

குழாய்கள் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. மாற்ற வேண்டுமா?

குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பிபி2110 (PB2110) என்று இருந்தால் அது பாலிபியூட்டிலின் என்ற பிளாஸ்டிக். 1978 முதல் 1995 வரை வீடுகளிலும் டிரெய்லர்களிலும் ஏராளமாகப் போட்டார்கள். தண்ணீரிலுள்ள குளோரின் அதை உள்ளிருந்தே அரித்து நொறுங்க வைக்கும். பிளாஸ்டிக் இணைப்புகள் இன்னும் சீக்கிரம் போகும். அமெரிக்காவில் பெரிய வழக்காகி, 1995இல் இழப்பீட்டு ஒப்பந்தம் வரை போனது.

ஓரிடம் கசிகிறது என்று அங்கே மட்டும் ஒட்டுப் போடலாம், அதற்கென்று மாற்று இணைப்புகளும் கடையில் உண்டு. பயணத்தின் நடுவில் என்றால் சரி. சுவரையும் கட்டிலையும் பிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சின்ன டிரெய்லரில் மொத்தக் குழாயும் அவ்வளவு நீளம் வராது.

அதற்குப் பதில் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாயை நாமே போட முடியுமா?

தாராளமாக. நெருப்பு, பற்றவைப்பு எதுவும் கிடையாது. டிரெய்லரில் அரை இஞ்ச் குழாய்தான். தேவைப்படுவது குழாய் வெட்டி, செப்பு வளையங்கள், வளையத்தை நெரிக்கும் கிரிம்ப் கருவி, நெரித்த அளவைப் பார்க்கும் தகடு.

குழாயைச் சாய்வில்லாமல் நேராக வெட்டுங்கள். வளையத்தை முதலில் குழாயில் நுழைத்து, அப்புறம் இணைப்பை உள்ளே தோள் வரை தள்ளுங்கள். வளையம் குழாய் நுனியிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நுனியோடு ஒட்டி நின்றால் பாதிப் பிடிதான் கிடைக்கும். கருவியை வளையத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து ஒரே அழுத்தில் மூடுங்கள். பிறகு தகட்டைப் போட்டுப் பாருங்கள். சரியில்லை என்றால் மறுபடி அதே வளையத்தை நெரிக்க வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரு வளையத்தின் விலை சில சென்ட்.

இந்த வீடு ரோட்டில் ஓடும் என்பதை மறக்கக்கூடாது. குழாயை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். மரத்திலோ தகட்டிலோ துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள், இல்லையென்றால் ஆட்டத்தில் உராய்ந்தே ஓட்டையாகும். இணைப்பு எதையும் திறக்க முடியாத சுவருக்குள் புதைக்காதீர்கள். வெயில் படும் இடத்தில் பெக்ஸ் நாளடைவில் நொறுங்கும். அதனால் வண்டிக்கு வெளியே அதை விட வேண்டாம்.

யாரும் குழாயைத் திறக்காதபோதும் பம்ப் டக் டக்கென்று ஓடுகிறதே?

டேங்கிலிருந்து குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் ஒரு அழுத்தம் வந்ததும் நிற்கும், அழுத்தம் இறங்கினால் மறுபடி ஓடும். எல்லாம் மூடியிருக்கும்போது அது ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கோ கசிகிறது. ராத்திரி படுத்திருக்கையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கும் அந்தச் சத்தம் ஒரு நல்ல எச்சரிக்கை, எரிச்சலில் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

முதலில் கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் கழிப்பறை வால்வு. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றித் தொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் காகிதம் காட்டிவிடும். வாட்டர் ஹீட்டரின் பின்பக்கம், ஷவர் குழாயின் பின்பக்கம், வெளி ஷவர் பெட்டி ஆகியவை அடிக்கடி மாட்டும் இடங்கள். எங்கும் ஈரமே இல்லையென்றால், தண்ணீர் பம்ப் வழியாகவே டேங்குக்குத் திரும்புகிறது, உள்ளிருக்கும் ஒருவழி வால்வு போய்விட்டது. பம்ப் நுழைவாயில் வடிகட்டியில் பிளாஸ்டிக் சீவல் சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். டேங்கில் துளை போட்டபோது விழுந்த சீவல் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வெந்நீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஹீட்டர் போய்விட்டதா?

ஹீட்டரை வாங்கப் போகும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஹீட்டரின் பின்னால் இருக்கும் பைபாஸ் வால்வு, அதாவது தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிடும் வால்வு. குளிர்காலத்துக்கு மூடியதை வசந்தத்தில் திருப்ப மறந்திருப்பார்கள். இரண்டு, வெளி ஷவர். அதன் தலையிலுள்ள பொத்தானை மட்டும் மூடிவிட்டு, சூடு, குளிர் குழாய் இரண்டையும் திறந்தே விட்டிருந்தால் அங்கே இரண்டு தண்ணீரும் கலந்து வண்டி முழுக்க வெதுவெதுப்பாக வரும். பழுது என்று கொண்டுவரப்படும் ஹீட்டர்களில் சிலவற்றுக்கு இந்த இரண்டு குழாயையும் மூடுவதுதான் வைத்தியம்.

சபர்பன் ஹீட்டருக்கு உள்ளே எனாமல் பூசிய இரும்புத் தொட்டி. அதன் அடைப்பானோடு ஒரு ஆனோட் கம்பி சேர்ந்திருக்கும். தொட்டிக்குப் பதில் அந்தக் கம்பி அரிபட்டுப்போகும். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அட்வுட் வகையில் அலுமினியத் தொட்டி, அதற்கு ஆனோட் கிடையாது. எந்த வகையானாலும் சூடாக இருக்கும்போது அடைப்பானைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திறங்கள். தொட்டியில் தண்ணீர் நிரம்பாமல் மின்சுவிட்சைப் போட்டால் ஹீட்டிங் காயில் நிமிடங்களில் எரிந்துவிடும்.

டிரெய்லர் நிறுத்தித் தங்கும் முகாமின் தண்ணீர்க் குழாயில் நேராக ஹோஸ் மாட்டலாமா?

நடுவில் அழுத்தக் குறைப்பான் வைத்து மாட்டுங்கள். சில முகாம்களில் தண்ணீர் அழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேல் வரும். பழைய டிரெய்லருக்கு 40, 50 போதும். குடிநீருக்கு வெள்ளை ஹோஸ் தனியாக இருக்கட்டும், கழிவுத் தொட்டி கழுவும் ஹோஸ் வேறு நிறத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு விற்கும் குழாயை, சிங்க்கை டிரெய்லரில் போடலாமா?

போடலாம். டிரெய்லருக்கு என்று வரும் பளபளப்புக் குழாய்களில் பல வெறும் பிளாஸ்டிக். துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு வீட்டுக் குழாயையே வாங்குங்கள். கையால் முடுக்கும் பிளாஸ்டிக் நட்டின் உள்ளே கூம்பு வாஷர் இருந்தால் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை, வாஷர்தான் அடைக்கிறது. ஸ்பேனர் போட்டு பலத்தைக் காட்டினால் நட்டு வெடிக்கும்.

கழிவுக் குழாய் ஏபிஎஸ் என்ற கறுப்பு பிளாஸ்டிக். அதற்குரிய சிமென்டால் ஒட்டுங்கள். அடிக்குக் கால் இஞ்ச் சரிவு கொடுங்கள். குடிநீர் டேங்க் பெரும்பாலும் பாலிஎத்திலின். அதில் அந்த சிமென்ட் ஒட்டவே ஒட்டாது, விரிசல் விட்டால் பிளாஸ்டிக் வெல்டிங் அல்லது புது டேங்க்தான்.

கழிப்பறை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது.

கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வற்றியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது அல்லது அதில் அழுக்கு கட்டியிருக்கிறது. அந்த விரற்கடைத் தண்ணீர்தான் அடியிலிருக்கும் மலத்தொட்டியின் வாயுவுக்குப் பூட்டு. அடுத்து சிங்க்குக்கு அடியில் திருகி வைத்திருக்கும் சின்னக் காற்று வால்வு. அது ஒட்டிக்கொண்டால் நாற்றம் சமையலறைக்கு வரும், விலை குறைவு, மாற்றிவிடுங்கள். ஷவர் வளைகுழாயில் தண்ணீர் காய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு காரணம் பழக்கம். முகாமில் கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று மலத்தொட்டி வால்வைத் திறந்தே விடுகிறார்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது குவியலாகக் காய்ந்து கல்லாகும். வால்வை மூடியே வையுங்கள், தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், தொட்டி நிறைய ஆரம்பித்ததும் திறந்து விடுங்கள். மலத்தொட்டி முதலில், குளியல் தண்ணீர்த் தொட்டி அடுத்து. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும்.

நீண்ட நாள் நின்ற வண்டியின் தண்ணீரைக் குடிக்கலாமா?

முதலில் கிருமி நீக்குங்கள். 15 கேலன் டேங்குக்கு கால் கப் வாசனையில்லாத வீட்டு பிளீச். தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் மணம் வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் மணம் போகும்வரை அலசுங்கள். ஹீட்டரில் ஆனோட் கம்பி இருந்தால் பைபாஸ் செய்வது நல்லது.

குளிர்காலத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

பெக்ஸ் உறைந்தால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இணைப்பும் பம்பும் கொடுக்காது. டேங்குகளையும் ஹீட்டரையும் காலி செய்து, ஹீட்டரை பைபாஸில் போட்டு, பம்ப் வழியாக இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) இழுங்கள். ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு வர வேண்டும், சூடு, குளிர் இரண்டிலும். வெளி ஷவரை மறந்துவிட்டு வசந்தத்தில் சுவருக்குள் ஊற்று கண்டவர்கள் நிறைய. வளைகுழாய்களில் ஒரு கப் ஊற்றுங்கள். வாங்கும்போது புரோப்பிலின் கிளைக்கால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலின் கிளைக்கால் விஷம், குடிநீர்க் குழாய்ப் பக்கமே அது வரக்கூடாது. காற்றடித்து வெளியேற்றுவதானால் 40 பிஎஸ்ஐயைத் தாண்டாதீர்கள்.

சுவரில் பெயின்ட் நிற்குமா?

சுவர் என்பது மெல்லிய பிளைவுட்டின் மேல் ஒட்டிய வழவழப்பான வினைல் தாள். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, லேசாக உப்புத்தாள் போட்டு, பிடிமானத்துக்கென்று விற்கும் பிரைமரை அடித்தால் நிற்கும். அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும். பலகை மூட்டுகளைப் பட்டி போட்டு மறைக்க வேண்டாம், ஓட்டத்தில் வெடிக்கும்; மூட்டின் மேல் மெல்லிய சட்டம் அடிப்பதே சரி.

தரைக்கு டைல்ஸ், மேடைக்கு கிரானைட் போட ஆசை.

ஆசையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பக்கவாட்டிலோ கதவருகிலோ மொத்த எடை வரம்பு ஒட்டியிருக்கும். தண்ணீர் மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்டு. 40 கேலன் நிரப்பினால் 330 பவுண்டு, சுமார் 150 கிலோ. மேலே கல்லும் ஏறினால் அச்சும் டயரும் என்ன செய்யும்? ஆட்டத்தில் டைல்ஸ் விரிசல் விடுவதும் நிச்சயம். வினைல் பலகைத் தரை, மெல்லிய மர மேடை போதும். பழைய மரச்சாமானை வெளியே எறியும்போது எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே போவதையும் குறியுங்கள். வேலை முடிந்ததும் டிரக் நிறுத்தத்திலுள்ள எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். கொக்கியின் மேல் விழும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். கனமான அலமாரியைப் பின்பக்கம் மாற்றி இதைக் குறைத்துவிட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும்.

எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்?

கேஸ் குழாயில் புது இணைப்பு போடுவது, கசிவுச் சோதனை, பிரேக், அச்சு இவற்றுக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளுக்குக் காலாவதி உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருக்கும். அதை நீங்களே மாற்றலாம்.

வீட்டு வாசலில் டிரெய்லருக்கு 30 ஆம்ப் மின் இணைப்பு வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அது 120 வோல்ட் என்று வாயால் சொல்லி, முடித்தபின் மீட்டர் வைத்து அளந்தும் பாருங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 240 வோல்ட் பிளக்கைப் போலவே தெரிவதால், வண்டியையே பார்க்காமல் 240 கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மாட்டிய நொடியில் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், ஏசி எல்லாம் ஒன்றாகப் புகையும்.